நிறுத்தம்மா

கப்பலில் அவருக்கு வைத்திருந்த பெயர் நிறுத்தம்மா. கூப்பிடுவது போலவும் இருக்கும், கெஞ்சுவது போலவும் இருக்கும். பெயரை வைத்தவர் கப்பல் சமையல்காரர். அந்தப் பெருமையை அவர் இன்னமும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடல்துறை அலுவலகத்தில் அந்த அம்மாள் மேல் நடந்த விசாரணைக்குத் தட்டச்சு செய்தவன் நான். மூன்று நாள் அவர் பேசியதை வரி விடாமல் அடித்தேன். வெளியே தேநீர்க்கடையிலும் இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறோம். விசாரணையின் முடிவில் போக இருந்தது அவருடைய கண்காணிப்பாளர் அட்டை. அது போனால் எந்த ஆய்வுக் கப்பலிலும் கால் வைக்க முடியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். இட்டுக்கட்டுவதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

வயது நாற்பத்தேழு. அதில் பதினெட்டு வருடம் துணி ஆலையில் போயிற்று. விளக்கு வைத்த மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை என்று எது கண்ணில் பட்டாலும் ஓட்டத்தை நிறுத்தி, எண்ணிக் குறிக்க வேண்டும். ஒரு சுருளில் ஒரு பழுது என்றால் முதல் தரம், இரண்டு என்றால் இரண்டாம் தரம். எண்ணிக்கையில் அவர் பிசகியதே இல்லை என்று மேற்பார்வையாளர் எழுதிக்கொடுத்த சான்றிதழ் விசாரணைக் கோப்பிலும் இருந்தது. ஆலையை மூடிய வருடம் கப்பல் வேலைக்கு விளம்பரம் வந்தது. ஆறு வாரப் பயிற்சி முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வெள்ளைத் துணிக்குப் பதிலாக நீலத் துணி என்றுதான் அந்த வேலையைப் பற்றிச் சொல்வார்.

அந்தக் கப்பல் கடலுக்கடியில் தோண்டி எடுக்கக் கனிமம் கிடக்கிறதா என்று பார்க்கப் போனது. பின்னால் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துச் செல்லும். அழுத்தி அடைத்த காற்றைத் தண்ணீருக்குள் ஒரேயடியாகத் திறந்துவிடுவதைத்தான் வெடி என்பார்கள். பத்து விநாடிக்கு ஒன்று. சத்தம் கடலடித் தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து வரைபடம் போடுவார்கள். மேலே நிற்பவர்களுக்கு யாரோ கீழ்த்தளத்தில் கதவை அறைந்து சாத்தியது போலக் கேட்கும், அவ்வளவுதான். தண்ணீருக்குள் இருக்கிற உயிருக்கு அவ்வளவோடு போவதில்லை. திமிங்கிலமும் டால்பினும் காதை நம்பிப் பிழைப்பவை. குட்டியைத் தாய் கூப்பிடுவதும் சத்தத்தால்தான்.

அதனால் ஒரு விதி உண்டு. முதல் வெடிக்கு முன் ஒரு மணி நேரம் கண்காணிப்பாளர் மேல்தளத்தில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஐந்நூறு மீட்டருக்குள் எதுவும் இல்லையென்றால் ஆரம்பிக்கலாம். இடையில் ஏதாவது வந்தால், கப்பல் யாருடையதாக இருந்தாலும், அவர் சொன்ன மாத்திரத்தில் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால், வரைபடத்துக்காகக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த கோட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். கேட்பவர்களிடம் அவருடைய கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், "எதையும் பாக்கலேன்னா சம்பளம், பாத்துட்டா சண்டை. என் பொண்டாட்டி வேல அதுதான்" என்பாராம்.

சிக்கல் ஒரு சொல்லில் தொடங்கியது. ஆரம்பிக்கலாம் என்று சொல்ல விதிப்புத்தகத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: 'கண்காணிப்பு எல்லைக்குள் கடல்வாழ் பாலூட்டி எதுவும் தென்படவில்லை, தொடங்குவதற்கு அனுமதி அளிக்கப்படுகிறது.' முதல் இரண்டு வாரம் அவர் வாக்கி-டாக்கியில் இதை முழுதாகச் சொன்னார். சாப்பாட்டு அறைக்கு அவர் வந்தாலே யாராவது ஒருவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு, தோசைக்கல்லைப் பார்த்து அந்த வாசகத்தை ஒப்பிப்பார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து "ஒண்ணும் இல்ல" என்று சுருக்கினார். கப்பலில் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எழுதின மகானுபாவர்கள் அந்த வாசகத்தை ஒரு தடவையாவது காற்றில் நின்று சொல்லிப் பார்த்திருக்கலாம்.

துப்பாக்கிகளை இயக்குகிறவர் கீழ்த்தளத்து அறையில் இருப்பார். வெடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். நல்ல மனிதர், அவசரக்காரர் இல்லை. மோசமான வானிலையால் ஆய்வு ஒன்பது நாள் பின்தங்கியிருந்தது. அன்று காலை ஒரு மணி நேரம் முடிந்ததும் வழக்கம்போலக் கேட்டார்.

"அக்கா, போலாமா?"

அதே நேரத்தில் இடது பக்கம் முந்நூறு மீட்டரில் ஒரு திமிங்கிலத்தின் மூச்சுப் புகை எழுந்தது. பெரியது. அதன் ஓரத்திலேயே சின்னதாக இன்னொன்று. தாயும் குட்டியும். அவர் கண்ட மாதிரியே சொன்னார். "ஒண்ணு. இல்ல, ரெண்டு."

வெடிக்காரர் காதில் விழுந்தது 'ஒண்ணும் இல்ல'. தினமும் கேட்கிற சொல்லைத்தான் காது எதிர்பார்த்திருந்தது. மீதியைக் கேட்க அவர் கருவியைக் கையில் வைத்திருக்கவில்லை. கொக்கியில் மாட்டிவிட்டு விசையைத் திருப்பிவிட்டார்.

முதல் வெடி கேட்டதும் மேல்தளத்தில் அந்த அம்மாள் "நிறுத்து, நிறுத்து" என்று கருவியில் கத்தினார். வெடிக்காரர் கொக்கியில் தொங்கியதை எட்டி எடுத்து, புரிந்துகொண்டு, விசையை அணைப்பதற்குள் நான்கு வெடி போய்விட்டது. தண்ணீர் மேல் ஒன்றையும் காணோம்.

அந்த அம்மாள் பதிவேட்டில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதினார். முதல் வரி, இரண்டு திமிங்கிலம் தென்பட்டது. இரண்டாவது வரி, வெடி தொடங்கியது. மத்தியானம் நிறுவனத்தின் அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"ரெண்டு வரியையும் இடம் மாத்திடுங்கம்மா. வெடிச்சதுக்கு அப்புறம் வந்துச்சு, பாத்தீங்க, நிறுத்தினீங்க. எல்லாம் விதிப்படி. உங்க அட்டைக்கும் பங்கமில்ல, எங்களுக்கும் தொல்லை இல்ல."

"முன்னாடிதான் பாத்தேன் சார்."

"பாத்தீங்க சரி. வெடிக்கச் சொன்ன மாதிரி பேசினது யாரு? நீங்கதானே? இப்படியே அனுப்பினா உங்க தலைதான் உருளும்."

அதிகாரி சொன்னதில் பொய் இல்லை. அன்று மாலை அந்த அம்மாள் கணவரோடு தொலைபேசியில் பேசினார். கணவர், "மாத்தி எழுதினா உனக்கு ராத்திரி தூக்கம் வருமா?" என்று கேட்டார். வராது என்றார் இவர். "அப்ப எழுதினது இருக்கட்டும். நீ தூங்கலேன்னா என்னையும் தூங்க விடமாட்ட" என்றாராம். தேநீர்க்கடையில் இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் சிரித்தார். எனக்கு அந்த வேன்காரரை ரொம்பப் பிடித்துவிட்டது.

விசாரணையில் முதல் இரண்டு நாளும் மூன்று சொல்லிலேயே ஓடின. நிறுவனத்தின் வக்கீல் ஒரு முறை 'ஒண்ணு இல்ல' என்று நடுவில் புள்ளியே இல்லாமல் அடிக்கச் சொன்னார். துறை வக்கீல் 'ஒண்ணு' என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னார். விசாரணை அதிகாரி காற்புள்ளி போதும் என்றார். நான் அழித்து அழித்து அடித்தேன். கடைசியில் அந்த அம்மாளே, "வாக்கி-டாக்கியில புள்ளியெல்லாம் கேக்காதுங்க. அவருக்கு 'ஒண்ணும் இல்ல'ன்னுதான் கேட்டிருக்கும். பழக்கினது நான். அவர் மேல தப்பில்ல" என்று முடித்துவைத்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த வெடிக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலங்கு எல்லைக்குள் இருக்கும்போது வெடித்தது உண்மை என்று அவருடைய பதிவேட்டை வைத்தே முடிவானது. குட்டியோடு திமிங்கிலங்கள் அந்தப் பக்கம் வரும் நான்கு மாதமும் எந்த ஆய்வுக் கப்பலும் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதே உத்தரவின் இரண்டாம் பக்கத்தில், விதிப்புத்தக வாசகத்தைப் பயன்படுத்தாத குற்றத்துக்காக அவருடைய அட்டை ரத்து. நான்தான் இரண்டு பக்கத்தையும் அடித்தேன். முதல் பக்கத்தை மகிழ்ச்சியோடு அடித்தேன். இரண்டாவதை அடிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. அரசாங்கத் தட்டச்சில் கோபத்துக்கு விசை கிடையாது.

ஆனால் என் மனதில் நிற்பது உத்தரவு இல்லை. மூன்றாம் நாள் கடைசிக் கேள்வி. நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். நாலே நாலு வெடி, அதுவும் ஆரம்பத்தில் போடும் சின்ன வெடி, இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று நிறுவுவதுதான் அவர் திட்டம்.

"வெடி நின்ன பிறகு அதுங்களைத் திரும்பப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தனை நிமிஷம்?"

"நாப்பது நிமிஷம். கப்பல் நின்னுதான் இருந்துச்சு."

"நாப்பது நிமிஷம் உங்க கண் முன்னாடி நல்லாத்தான் இருந்திருக்கு. சரி, எத்தனை பாத்தீங்க?"

நான் விசை மேல் விரலை வைத்தபடி காத்திருந்தேன். அந்த அம்மாளின் உதடு மட்டும் அசைந்தது.

"ஒண்ணு."

வக்கீலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் கேட்ட கேள்வியை அப்படியே விட்டுவிட்டு உட்காரவும் முடியவில்லை. "இன்னொண்ணு தண்ணிக்குள்ள இருந்திருக்கலாமே. வேற பக்கம் போயிருக்கலாமே."

"போயிருக்கலாம். செத்துப்போச்சுன்னு நான் சொல்லல சார், காணோம்னுதான் சொல்றேன். பெருசு மட்டும் அந்த எடத்தையே சுத்திச்சுங்க. முங்கும், எந்திரிக்கும், திரும்ப அங்கயே வரும். ரெண்டாவது மூச்சு வருதா, வருதான்னு நானும் பைனாகுலரை எறக்கவே இல்ல. கப்பல் கெளம்பறப்பவும் அது சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, எண்ணிக்கையை எண்ணால் அடிக்கச் சொன்னார். மறுபடி சந்தேகம் வரக் கூடாதாம். 1 என்று அடித்தேன்.