யார் சொன்னால் மூட்டை ஏறும்?

செவ்வாய்க்கிழமை காலை உப்புக் கிட்டங்கியில் இருந்தவர்கள்: மேஸ்திரி பிச்சையா. மூட்டையின் இடது முனையில் சூசை. வலது முனையில் முத்துக்குட்டி. நடுவில், குனிந்தபடி நான். அப்புறம் எழுபத்தைந்து கிலோ உப்பு. அதையும் ஓர் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறேன். கிட்டங்கி என்கிற சரக்குக் கிடங்கிலிருந்து தோணிக்கு.

உப்பு மூட்டையை யாரும் தானாக ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி, குனிந்து நிற்கிறவன் பிடரியில் வைக்க வேண்டும். இரண்டு முனையும் ஒரே நொடியில் எழ வேண்டும். அதற்கு ஒரு சொல் உண்டு — ‘ஏத்து!’ வலது முனைக்காரர் சொல்வார். இடது முனைக்காரர் கேட்பார். குனிந்தவன் வாயைத் திறக்க மாட்டான். மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்தியிருப்பான். காலி நெஞ்சில் பாரம் இறங்கினால் முழங்கால் மடங்கிவிடும்.

ஒரு முனை முந்திவிட்டால்...? போன வருடம் ஒருவருக்கு முந்தியது. கழுத்து ஒடிந்தது. இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறார். மனைவி ஊட்டினால்தான் சாப்பாடு.

சூசையும் முத்துக்குட்டியும் ஒரே கட்சியில் இருந்தவர்கள். ஒரே சைக்கிளில் கூட்டத்துக்குப் போனவர்கள். கட்சி இரண்டாக உடைந்தது. கட்சியின் தொழிலாளர் சங்கமும் உடைந்தது. சைக்கிள் சூசையுடையது. முத்துக்குட்டி இப்போது நடந்து வருகிறான்.

மூட்டை தூக்கிவிடுவது, சுமப்பதைவிடக் கொஞ்சம் லேசான வேலை. அதனால் இரண்டு சங்கமும் அதைக் கேட்டன. மேஸ்திரி பயந்துபோய் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு மூட்டைக்கும் இந்தச் சங்கத்தில் ஒருவர், அந்தச் சங்கத்தில் ஒருவர். நல்ல தீர்ப்பு என்றுதான் நானும் நினைத்தேன். என் கழுத்தை யோசிக்கவில்லை.

வலது முனை, இடது முனை என்ற வழக்கமெல்லாம் அன்றோடு போயிற்று. சூசையின் ஆள் குனிந்தால் சூசை ‘ஏத்து’ சொல்வான். முத்துக்குட்டியின் ஆள் குனிந்தால் முத்துக்குட்டி சொல்வான். நான் யாருடைய ஆளும் இல்லை. என் முறை வந்தால் மட்டும் போட்டி.

செவ்வாய்க்கிழமை முத்துக்குட்டி சொன்னான், “ஏத்து!”

சூசை தூக்கவில்லை. ஒரு நொடி விட்டு அவனாகச் சொன்னான், “ஏத்து!”

மூட்டை சரிந்து வந்தது. என் காதை உரசிக்கொண்டு காலடியில் விழுந்து வெடித்தது. கழுத்தை எப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது.

“ஏலே சூசை, நான் சொன்னது காதுல விழலியா?”

“விழுந்துச்சு. நீ சொன்னா நான் தூக்கணுமா? எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?”

“வலது கைக்காரன் சொல்லுததுதானல வழக்கம்?”

“வழக்கத்த ஒடச்சிட்டுப் போனவன் நீ. இப்பம் வந்து வழக்கம் பேசுதியோ?”

நான் இன்னும் குனிந்துதான் நின்றேன். காதில் ரத்தம். உப்பு பட்டு எரிந்தது.

மேஸ்திரி ஓடி வந்தார். என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி — “நீரு எந்தச் சங்கம்வே?”

“ஒண்ணுமில்ல மேஸ்திரி.”

அவருக்கு மூச்சு வந்தது. “நல்லவேள. அப்பம் ஒரு பிரச்சினையும் இல்ல.”

கவனித்தீர்களா? கட்சிக்காரன் குனிந்தால் அவனுக்குப் பின்னால் ஒரு சங்கம் நிற்கிறது. எதிர்க்கட்சிக்காரன்கூட அவன் மூட்டையை ஒழுங்காகத் தூக்குவான். நாளைக்குத் தன் ஆளும் குனிய வேண்டுமே! என் கழுத்து ஒடிந்தால் எந்தக் கொடியும் அரைக்கம்பத்துக்கு இறங்காது.

ஏதாவது ஒரு கட்சியின் உறுப்பினர் சீட்டு வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் எனக்கு இந்தக் கட்சி போட்ட ரோடும் பிடித்திருக்கிறது. அந்தக் கட்சி கேட்கிற கேள்வியும் பிடித்திருக்கிறது. இதை முன்பு ஒரு தடவை இங்கே எழுதினேன். இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் ஒரே வசவு. கட்சிப் பெயர் மட்டும் வேறு.

சாயங்காலம் என் வீட்டுக்காரி காதுக்கு எண்ணெய் போட்டாள்.

“பேசாம ஏதாவது ஒரு சீட்ட வாங்கிருங்களேன்.”

“எந்தச் சீட்டு?”

“எதுன்னாலும். ஒங்க கழுத்துக்கு ரோடும் தெரியுமா, கேள்வியும் தெரியுமா?”

அவள் சொன்னதில் தப்பு இல்லை.

புதன்கிழமை கிட்டங்கிக்கு நடந்தேன். எனக்கு முன்னால் வரிசையில் நான்கு பேர். மூன்று பேர். இரண்டு பேர்... திரும்பிப் போய்விடலாமா? போனால் அடுத்த நாளும் இதே வரிசைதானே.

சூசை கேட்டான், “அண்ணாச்சி, இன்னைக்காவது முடிவு பண்ணுனீரா? யாரு சொல்லணும்? நானா, அவனா?”

“நான் சொல்லுதேன்” என்றேன்.

முத்துக்குட்டி சிரித்துவிட்டான். “இத்தன வருசமா வாயத் தொறக்காத மனுசன் சொல்லப் போறாராம்! சுமக்குதவன் பேசுனா மூச்சு போயிரும் ஓய்.”

“போட்டும்.”

தலையில் சாக்கை மடித்துப் போட்டேன். குனிந்தேன். மூச்சை இழுத்தேன். குனிந்தவனுக்குக் கால்கள்தான் தெரியும். இந்தப் பக்கம் இரண்டு கால். அந்தப் பக்கம் இரண்டு கால். நான்கும் அசையவில்லை.

“ஏத்து.”

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு நொடியில் கட்டிலில் கிடக்கிறவர் முகம் வந்து போனது.

அப்புறம் இரண்டு முனையும் சேர்ந்து எழுந்தன. மூட்டை பிடரியில் சமமாக உட்கார்ந்தது. பாதி மூச்சு சொல்லிலேயே போய்விட்டதால் முழங்கால் இரண்டும் ஒரு தடவை இறங்கின. நிமிர்ந்துவிட்டேன். நடந்தேன்.

அவர்கள் ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பீடிக்கு நெருப்புக்கூட இருவரும் என்னிடம்தான் வாங்கினார்கள். மேஸ்திரி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார் — “புதுசா ஒரு சங்கம் ஆரம்பிக்கீராவே?” பயந்துதான் கேட்டார்.

எந்தப் பக்கமும் சேராதவன் வாயை மூடிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது மூட்டைக்கு மூட்டை பாதி மூச்சைக் கொடுக்கிறேன். இந்த நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்? தெரியவில்லை. இருவரில் ஒருவருக்கு நாளைக்கு என் சொல்லும் பிடிக்காமல் போனால்...? அதுவும் தெரியவில்லை.

‘ஏத்து’ சொன்ன பிறகு, மூட்டை எழும்வரை, அந்த ஒரு நொடிப் பயம் ஒவ்வொரு தடவையும் வருகிறது. பழகவில்லை.

புதன்கிழமை மட்டும் அறுபத்து மூன்று தடவை.