இடது பக்கம் திருப்பினால்

அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள். குத்தியதே தெரியாது என்பார்கள், ஒருமுறை போட்டுக்கொண்டவர்கள். ஊசிக்குப் பயந்து ஓடுகிற மற்றவர்களைப் பிடிக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: சத்தம் காட்டாமல் போய் எதிரே நிற்பது.

அதற்குத்தான் மெக்கானிக் ஆப்பு வைத்தான். ஸ்டியரிங் ஆடுகிறது என்று அவனிடம் காரை விட்டிருந்தாள். ஆட்டம் நின்றது. ஆனால் இடது பக்கம் திருப்பினால் போதும், ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது.

மறுநாள் கடைக்காரருக்கு ஊசி போட ரொட்டிக்கடைக்குப் போனாள். அவர் கதவை அடைக்கும் ஆகிருதி. ஊசி என்றால் மட்டும் உதறல். கடையில் அவர் மனைவிதான் நின்றிருந்தாள்.

"இப்பதான் இங்க இருந்தாரு. ஹாரன் கேட்டதும் ஆளக் காணோம். நாலு தெருவுக்கும் தெரியுதுக்கா, நீங்க வர்றது."

ஊசியக்கா நேரே பட்டறைக்கு விட்டாள். மெக்கானிக் காரை வாங்கி ஒரு சுற்று போய்விட்டு வந்தான்.

"ஒண்ணுமே இல்லக்கா. சும்மா வழுக்கிட்டுப் போகுது."

"எந்த வழியா போன?"

"இப்படி வலது பக்கம் திரும்பி, அங்க வலது, அப்புறம் மறுபடி வலது..." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது.

"நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்."

முதல் முனையிலேயே ஹாரன் பிடித்துக்கொண்டது. யாரோ தெரிந்தவர் என்று எதிர்க்கடைக்காரர் கையசைத்தார். காய்கறிப் பையோடு சாலையைக் கடந்த மெக்கானிக்கின் அம்மா, தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நின்று திரும்பினாள். "அடுப்புல பால வெச்சுட்டு வந்தியா? போறேன், இரு." மெக்கானிக் இருக்கையிலேயே பாதியாகக் குறுகிப்போனான்.

அவர்கள் ரொட்டிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஹாரன் கேட்ட கடைக்காரர் மாவுக் கையோடு பின்வாசல் வழியே ஓடிக்கொண்டிருந்தார். மெக்கானிக் துரத்திப்போய்ப் பிடித்தான்.

"நான் என்னப்பா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணது நான்ண்ணே. நீங்க கொஞ்சம் உக்காருங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பஞ்சை வைத்துத் தேய்த்தபோதுதான் திறந்தார். "போட்டாச்சா?"

மெக்கானிக் கடை வாசலிலேயே ஸ்டியரிங் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு ஒயர் பிதுங்கி, இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் நசுங்கியிருக்கிறது. "அவசரத்துல மூடிய அப்படியே அமுக்கி மாட்டிட்டேன்க்கா. என் வேலைதான் இது," என்றான், நிமிர்ந்து பார்க்காமல். ஒயரை ஒழுங்காகச் செருகிக் கட்டி மூடியை மாட்டும்போது, துருப்பிடித்த தகடு கட்டைவிரலைக் கிழித்துவிட்டது.

ஊசியக்கா பையைத் திறந்தாள். அவன் முகம் வெளுத்தது.

"சின்னக் கீறல்தான்க்கா. நானே கழுவிக்கிறேன்."

அவன் எழுவதற்குள் ரொட்டிக்கடைக்காரர் பின்னால் வந்து, மாவுக் கை இரண்டையும் அவன் தோளில் வைத்து அழுத்தினார். "கொஞ்சம் உக்காருங்க தம்பி," என்றார், வாய்கொள்ளாச் சிரிப்போடு.

திரும்பும்போது ஊசியக்காவே ஓட்டினாள். மெக்கானிக் ஒரு கையால் மறு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கார் இடது பக்கம் திரும்பியது.

"சத்தமே இல்ல பாத்தியா?"

"வலியும் இல்லக்கா," என்றான் அவன். சட்டைத் தோளில் பத்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.