மஞ்சள் குல்லாவின் எடை

அந்த மஞ்சள் கம்பளிக் குல்லாவைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஒரு மழைநாள்தான் ஞாபகம் வரும். குன்னூருக்குக் கீழே, என் கணவர் தேயிலை ஃபேக்டரியைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்த எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் அது எடைக்கல் மாதிரி. அந்தக் குளிரில் பிள்ளைகளை வெற்றுடம்பாகத் தராசில் கிடத்த எங்கள் நர்ஸ் அக்காவுக்கு மனம் வராது. ஒரு குல்லா, ஒரு ஸ்வெட்டர், ஒரு போர்வை. எந்தப் பிள்ளை வந்தாலும் அதே துணிகளைப் போட்டுத்தான் நிறுப்பார். துணிகளின் எடை முந்நூறு கிராம் என்று தராசுக்கு மேலே சுவரில் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். மொத்தத்தில் அதைக் கழித்தால் பிள்ளையின் எடை.

என் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். எடை இறங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று எச்சரித்துத்தான் கோயமுத்தூர் டாக்டர் எங்களை அனுப்பியிருந்தார். மழைக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு வந்தவள், ஒரு காலையில் ஐம்பது கிராம் இறங்கிவிட்டாள். கோயமுத்தூருக்குக் கிளம்பவும் வழியில்லை. பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. கோத்தகிரி வழியிலும் மரம் விழுந்து கிடந்தது. அழுகிற தாய்மாரைக் கிண்டல் செய்தே சிரிக்க வைக்கிற நர்ஸ் அக்கா அன்று கிண்டலை விட்டுவிட்டுத் தராசைத் தட்டிப் பார்த்தார். திரும்பவும் நிறுத்தார். அதே எடைதான்.

பயத்தில் மனம் எங்கெங்கோ ஓடும். நான் இயற்பியல் டீச்சர். கிலோவின் கதையை வருடா வருடம் சொல்பவள். முதலில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடைதான் கிலோ. பிறகு உலோக உருளை ஒன்றைச் செய்து, பாரீஸுக்குப் பக்கத்தில் கண்ணாடி மூடிகளுக்குள் பூட்டி வைத்து, இதுதான் கிலோ என்றார்கள். பல ஆண்டுகள் கழித்து அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது தூசியளவு வித்தியாசம். நகல்கள் கூடினவா, உருளை குறைந்ததா? யாராலும் சொல்ல முடியவில்லை. உருளையே இளைத்திருந்தாலும் அதுதான் கிலோ! இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் இருந்த முந்நூறையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இந்தத் துணியை எப்ப எடை போட்டீங்க?"

"சுவத்துல எழுதுன அன்னைக்குத்தானுங்க டீச்சர்." சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. "பூஞ்சை வாடை அடிக்குதுன்னு இன்னைக்குக் காத்தாலதானுங்க ஃபேக்டரில தேயிலை உலர்த்துற டிரையர்கிட்டக் காயப்போட்டு எடுத்தாந்தேன்."

துணிகளை மட்டும் நிறுத்தோம். இருநூற்று ஐம்பது. மகள் இளைக்கவில்லை, கம்பளிதான் காய்ந்திருக்கிறது என்று ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்த நொடி அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. மழை ஈரத்தைக் கம்பளி குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளும் ஏறியது என் மகளா, மழையா?

நர்ஸ் அக்கா தராசைத் தூக்கிக்கொண்டார். "வாங்க டீச்சர், ஃபேக்டரிக்குப் போலாமுங்க. அங்க வெதுவெதுன்னு இருக்கும்." டிரையர் அறையின் தேயிலை வாசனையில், என் மகளை முதல்முறையாக வெற்றுடம்பாகக் கிடத்தினோம். ஒரு எண் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் உண்மையான எண் வேறொன்றும் இல்லை. "இன்னைக்கு இதுதானுங்க நம்ம கிலோ. நாளைக்குப் பார்க்கலாம்," என்றார். அந்த ஒரு நாளைப் போல வேறெந்த நாளும் என்னைப் பயமுறுத்தியதில்லை. அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் அதே அறையில் முள் முந்தைய கோட்டைத் தாண்டி நின்றபோது, அசராத அந்த மனுஷி என் தோளில் முகம் புதைத்து அழுதார்.

இப்போது கிலோ எந்த உருளையையும் நம்பி இல்லை. இயற்கையின் மாறாத எண் ஒன்றில் அதைக் கட்டிவிட்டார்கள். நர்ஸ் அக்கா ஓய்வு பெற்றபோது கொடுத்துவிட்டுப் போன குல்லா என் அலமாரியில் இருக்கிறது. மகள் மூன்றாம் வகுப்பு. மழை நாட்களில் தராசில் ஏறி நின்று, "அம்மா, நான் எத்தனை கிலோ?" என்று கத்துகிறாள். ஓடிப்போய் முதலில் அவள் ஸ்வெட்டரைக் கழற்றுகிறேன்.