ராணி கட்டிய பட்டு

நேற்றுப் பிற்பகல் மகளோடு ஒரு சின்னப் படம் பார்த்தேன். அந்தக் கால நாடகக்காரர்களின் கதை. பெண் வேஷம் கட்டிய நடிகர், தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்தார். அந்த வாடை எனக்கு எங்கிருந்தோ வந்தது. நான் மெல்லக் குடுமியான்மலைக்கு, எங்கள் வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

நாடகக் கம்பெனி வந்தால் ஊர் வீடுகளில்தான் சேலை இரவல் கேட்பார்கள். ராணி வேஷக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தபோது அப்பா வயலில் இருந்தார்.

"பட்டு ஒண்ணு வேணுங்கக்கா. விடிஞ்சதும் கொண்டாந்துருவேன்."

அம்மா பெட்டியின் அடியிலிருந்து, அவள் கட்டி நான் பார்த்தேயிராத அரக்குப் பட்டை எடுத்துக் கொடுத்தாள். தம்பி கைக்குழந்தை என்பதால் அவளால் நாடகத்துக்குப் போக முடியவில்லை. அப்பா மட்டும் போனார்.

மறுநாள் காலையில் பட்டு அதே எண்ணெய், அரிதார வாடையோடு திரும்பி வந்தது. அம்மா அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வைத்துவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றினாள். அவர் இன்னும் நாடகத்திலேயே இருந்தார்.

"அந்த ராணி கட்டியிருந்த சேலை கண்ணுக்குள்ளயே நிக்கிது. ஒனக்கும் அது மாதிரி ஒண்ணு எடுக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா கண்ணாலேயே அடக்கினாள்.

"எடுங்க," என்றாள்.

படம் முடிந்ததும் மகளிடம் இதைச் சொன்னேன்.

"அப்புறம் தாத்தா எடுத்துக் குடுத்தாராம்மா?"

"அதுவே அவர் எடுத்ததுதான், கண்ணு. அவுங்க கலியாணத்துக்கு."