அக்கா விரல் வைத்த பட்டை

நான் என்ன வேலை செய்கிறேன் என்று புளியங்கூடலில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். கறுத்த திரையில் எழுத்துகள் ஓடும், நடுவில் ஒரு வரி சிவப்பாக வரும், நான் "சனியன்" என்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்டது இவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் பின்னால் நின்று கனநேரம் பார்த்துவிட்டு, "உதிலை படமொண்டும் வராதே?" என்று கேட்டாள். வராது என்றேன். பாவம், ஏமாந்துபோனாள்.

வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அவர்களுடைய மென்பொருளுக்குப் பொத்தான், படம் என்று எதுவும் கிடையாது. கட்டளையை எழுத்தாகத் தட்ட வேண்டும், விடையும் எழுத்தாகவே வரும். டெர்மினல் என்பது அந்தக் கறுத்த திரையைத்தான். எந்தச் செய்தி எந்த நிறத்தில் வர வேண்டும் என்று பார்ப்பது என் பங்கு. பிழை என்றால் சிவப்பு, கவனம் என்றால் மஞ்சள், எல்லாம் சரி என்றால் பச்சை. கேட்கிறவர்களுக்கு இதற்கும் ஒரு சம்பளமா என்றிருக்கும். ஆனால் ஒருவருடைய திரையில் வடிவான மஞ்சளாக நிற்பது இன்னொருவருடைய திரையில் ஊத்தை மஞ்சளாக வரும், மூன்றாமவருக்கு எழுத்தே தெரியாது. மூன்று பேரும் எனக்குத்தான் முறைப்பாடு எழுதுவார்கள்.

அதற்காக நானே ஒரு சின்னக் கட்டளை எழுதி வைத்திருந்தேன். நிறத்தின் குறியைக் கொடுத்தால் அந்த நிறத்தில் ஒரு பட்டையைத் திரையில் போட்டுக் காட்டும். இரண்டு நிறங்களைக் கொடுத்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் படிப்படியாகப் போகும் பட்டைகளைக் கீழே கீழே அடுக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் குறியை எழுதும். அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசும்வரை அதை என்னைத் தவிர உலகத்தில் ஒருவரும் பாவித்ததில்லை.

மாப்பிள்ளை கனடா. கலியாணம் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளையின் தமக்கை கனடாவில் இருந்துகொண்டே பூ, மேடை, கேக் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் நடத்தினாள். இரண்டு பகுதிப் பெண்களும் ஒரே நிறத்தில் சேலை கட்ட வேண்டும், எல்லாவற்றையும் இந்தியாவில் ஒரே இடத்தில் நெய்வித்து அனுப்புவது தன் பொறுப்பு என்றாள். ஒருநாள் காலையில் அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எடியே, உதை ஒருக்காப் பார். சீலைக்கு இலக்கம் அனுப்பியிருக்கினம். நான் ஆற்றையோ ரெலிபோன் நம்பரெண்டு அடிச்சும் பாத்தன்."

#800020 என்று இருந்தது. நிறத்தின் குறி. தட்டினேன். திரையில் அகலமாக ஒரு பட்டை விழுந்தது. பீற்றூட் அவித்த தண்ணீரின் நிறம்.

"கூறைச்சீலைக்கோ?" என்றாள் அக்கா.

"கூறை வேறையாம். இது பொம்பிளையளுக்கு."

"எந்தப் பொம்பிளையளுக்கு?"

"எனக்கும் உனக்குந்தான், வேறை ஆருக்கு?"

அக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "கண்டறியாத நிறம்" என்றாள். பிறகு பிளேன்ரீயும் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டாள்.

மகள் ஓ.எல். சோதனை எழுதிய வருடம் அத்தான் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகு அக்கா கட்டுவதெல்லாம் வெள்ளை, சந்தனம், சாம்பல். இப்படிக் கட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை, இந்தக் காலத்தில் அப்படி யாரும் சொல்வதும் இல்லை. ஒரேயொரு முறை, வேலணையில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு மெல்லிய பச்சையில் ஒன்று கட்டிக்கொண்டு வந்தாள். அங்கே ஒரு சொந்தக்காரி மேலும் கீழும் பார்த்து, "வடிவாத்தான் வெளிக்கிட்டிருக்கிறீர்" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லில் பிழை பிடிக்க ஒருவருக்கும் ஏலாது. அக்கா இருந்து சாப்பிட்டாள், சிரித்துக் கதைத்தாள், வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை அலுமாரியின் அடியில் வைத்தாள். எனக்கு அந்த மனுசியை இன்றைக்குக் கண்டாலும் பத்திக்கொண்டு வரும்.

கன்னிகாதானத்துக்கு நானும் என் மனிசனும் இருப்பது என்று அக்காவே முதலில் சொல்லியிருந்தாள். சுமங்கலிதான் இருக்க வேண்டுமாம். அவள் பெற்று வளர்த்த பிள்ளையை நான் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு அது துண்டறப் பிடிக்கவில்லை, சொன்னேன், "விசர்க்கதை கதையாதை" என்று வாயை மூடிவிட்டாள். இப்போது சேலை விஷயமும் வந்ததும் புதிதாக ஒன்று தொடங்கினாள். தான் மண்டபத்தில் சாப்பாட்டுப் பக்கம் நின்று பார்த்துக்கொள்கிறாளாம். சமையல்காரரை நம்ப ஏலாதாம்.

அக்காவின் மகள், என் பெறாமகள், சத்தம் போடுகிறவள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. "அம்மா முன்னுக்கு வந்து நிக்காட்டி நான் மணவறைக்கு வரமாட்டன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். கத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம். இவள் சொன்னால் செய்வாள் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கனடாவுக்கு, மாப்பிள்ளையின் தமக்கைக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "அன்ரி, அவவுக்கு மட்டும் நல்லா லைட்டா நெய்விக்கலாம். ஆனா இதே கலரின்ரை லைட்டா இருக்கோணும், இல்லாட்டிப் படத்திலை துருத்திக்கொண்டு நிக்கும். நீங்களே பாத்து ஒரு கோட் அனுப்புங்கோ" என்றாள். மண்டபத்துக்கு யானை வேண்டும் என்று நிற்கப்போகிறாள் என்று நான் அதுவரை அவளைப் பற்றி நினைத்திருந்தது பிழை. நல்ல பிள்ளை.

பின்னேரம் அக்காவைக் கூப்பிட்டுக் கதிரையைப் போட்டு இருத்தினேன். லப்டொப் திரையில், கம்பனியின் கணினியோடு தொடுத்து வேலை திறந்திருந்த அதே யன்னலில் என் கட்டளையைத் தட்டி, அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் கொடுத்தேன். மேலே பீற்றூட், கீழே தும்பை வெள்ளை, இடையில் பட்டைகள்.

"வேண்டிய இடத்திலை விரலை வை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"நீ உதெல்லாம் எனக்காகவே எழுதினனி?"

"ஓம், கம்பனி சம்பளம் தாறது உனக்கு நிறம் காட்டத்தான்."

அக்கா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டாள். மேலிருந்து வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கீழே வெள்ளையில் விரலை வைத்து மேலே ஏறத் தொடங்கினாள். ஒவ்வொரு பட்டையிலும் நின்றாள். கையில் காலையில் அரிந்த வெங்காயம் மணத்தது. வெள்ளை தாண்டி, மங்கல் தாண்டி, நல்ல றோஸ் ஒன்றில் போய் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு ஒரு பட்டை கீழே இறங்கியது.

"இதை அனுப்பு."

"வடிவாப் பாத்தனியே?"

"பாத்திட்டன். அனுப்பு எண்டுறன்."

நான் பார்த்தேன். சாம்பல். அப்பட்டமான சாம்பல். இவ்வளவு மினக்கெட்டு, கடைசியில் அலுமாரி நிறையக் கிடக்கிற நிறத்துக்கே வந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் வாயைத் திறந்தால் அதையும் வேண்டாம் என்றுவிடுவாள். சாம்பலென்றாலும் முன்னுக்கு வந்து நின்றால் காணும். பக்கத்தில் இருந்த குறியை அப்படியே எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினேன். அம்மா என்ன நிறம் எடுத்தவ என்று பெறாமகள் கேட்டாள். சாம்பல் என்றேன். "சாம்பலோ" என்றாள்.

சேலைப் பொதி கலியாணத்துக்குச் சில கிழமைக்கு முன்னர் வந்து சேர்ந்தது. அக்காவின் கட்டிலில் வைத்துப் பிரித்தோம். மேலே என்னுடையது, பீற்றூட். நல்ல பட்டு. அதற்குக் கீழே அக்காவுடையது. சாம்பல் இல்லை. றோஸ். கைக்குழந்தையின் நகம் இருக்குமே, அந்த அளவு மெல்லிய றோஸ், யன்னல் வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது.

"மாறி அனுப்பிப்போட்டினம்" என்றேன். பொதியில் ஒட்டியிருந்த குறியைப் பார்த்தேன். நான் அனுப்பிய அதே குறி.

வீட்டுக்கு ஓடிப்போய் லப்டொப்பைத் திறந்தேன். கம்பனி யன்னலில் அந்தக் குறியைத் தட்டினேன், சாம்பல் வந்தது. வேறு யன்னல் திறந்து அங்கே தட்டினேன், றோஸ் வந்தது. இவ்வளவுதான் விஷயம். முதல் யன்னலுக்குப் பின்னால் இருக்கிற கம்பனியின் பழைய கணினிக்கு இருநூற்றைம்பத்தாறு நிறங்கள்தான் தெரியும். தன்னிடம் இல்லாத நிறத்தைக் கேட்டால் இல்லை என்று சொல்லாது, கையில் இருப்பதில் ஆகக் கிட்டிய நிறத்தைப் போட்டுவிட்டு இருக்கும். அந்த மெல்லிய றோஸுக்கு அதனிடம் இருந்த கிட்டிய நிறம் சாம்பல். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறவள் நான். குறியின் ஆறு எழுத்தையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் வரும் மூன்று சோடிகளும் ஒன்றாக இருந்தால்தான் சாம்பல். அவை ஒன்றாக இல்லை, நான் பார்க்கவும் இல்லை. நல்ல உத்தியோகக்காரி.

லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அக்கா அதே இடத்தில் இருந்தாள், சேலை மடியில் இருந்தது.

"அக்கா, பிழை என்ரை. அண்டைக்கு நீ பாத்தது சாம்பல். திரை உனக்கு நிறத்தை மாத்திக் காட்டியிருக்கு. இனித் திருப்பி நெய்விக்க நாள் காணாது. உனக்கு ஏலாதெண்டா யாழ்ப்பாணத்திலை சாம்பலிலை ஒண்டு எடுப்பம், நான் பிள்ளைக்குச் சொல்லுறன்."

இரண்டு யன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து சாம்பல் பட்டையைப் பார்த்தாள்.

"இதுவே நான் பாத்தது?"

"ஓம்."

"விசரே உனக்கு? அதிலை றோஸ் நிண்டது."

"இல்லையக்கா. அந்த யன்னலுக்கு அந்த நிறத்தைக் காட்ட ஏலாது. அதிலை ஒரு துளி சிவப்பும் இல்லை."

"எனக்குத் தெரியாதே? வெள்ளையிலையிருந்து ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டெல்லே வந்தனான். மேலை இருந்தது கூடிப்போச்செண்டு ஒண்டு கீழை வந்தன். அதிலை கொஞ்சமா றோஸ் இருந்தது. அதுக்காகத்தான் அதிலை விரலை வைச்சனான்."

நான் திரையைப் பார்த்தேன். வெறும் சாம்பல். எப்படிப் பார்த்தாலும் சாம்பல். அழுதால் ஏசுவாள் என்று லப்டொப்பை மூடினேன்.

அக்கா சேலையை விரித்து, சட்டைத் துண்டு எந்தப் பக்கம் விட்டிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குச் சட்டை ஆரிட்டைத் தைக்கக் குடுக்கிறது?" என்றாள். "உன்ரை தையல்காரி வேண்டாம். அவள் கையை இறுக்கிப்போடுவாள், படத்துக்கு வடிவில்லை."