ஐஸில் புதைத்த மீன்

அன்று ஆய்வகத்தில் நானும் என்னோடு படிக்கும் ஷெரினும் மட்டும்தான் இருந்தோம். சரிபார்த்துச் சொல்லவேண்டிய பேராசிரியர் ஊரில் இல்லை.

எங்கள் கடல் மீனின் சதையில், அணுமின் நிலையக் கழிவுநீரில் வரும் டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுள்ள ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். தேங்காய்ப்பட்டணத்தில் கர்ப்பமாக இருந்த என் தங்கை, நான் சொல்லும்வரை மீனைத் தொடமாட்டேன் என்றிருந்தாள்.

மீன் துண்டுகளிலிருந்து பிரித்தெடுத்த நீரைக் கருவி அளந்து முடித்தது. குழாய்த் தண்ணீருக்கு வரும் அளவுதான் வந்தது.

"பொறவு என்னத்தலே யோசிக்க? வீட்டுக்குச் சொல்லு" என்றாள் ஷெரின்.

மீன் பிடித்துக் கொடுத்தனுப்பிய வாப்பாவை அழைத்துச் சொன்னேன்.

"கொறவாத்தான் இருக்கும் மக்கா! கெட்டுப்போவாண்டாம்னு துண்டு போட்டு, ஒரு ராத்திரி முழுக்க ஐஸுக்குள்ளல்லா பொதச்சு வச்சிருந்தேன்."

ஐஸ் உருகிய தண்ணீர் சதையில் ஊறினால், மீனின் சொந்த நீர் நீர்த்துப்போகும்; கருவியும் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். நல்ல மீன் வேண்டும் என்று கேட்டேனே தவிர, எப்படி வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

"காக்கா என்ன சொல்லுதாவ? திங்கலாமா?" என்று அண்ணன் என்னைப் பற்றி விசாரிக்கும் தங்கையின் குரல் போனில் கேட்டது.

'திங்கலாம்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இன்னும் தெரியாது வாப்பா. நான் அளந்தது சரியில்ல."

"செரி, நாளைக்கி இன்னொருக்கா கடலுக்குப் போறேன். எப்படிக் கொண்டாரணும்னு சொல்லு."

இந்த முறை அறுக்காத மீன் இறுக மூடிய பைக்குள் வந்தது; ஐஸ் பைக்கு வெளியே இருந்தது. அளவு மறுபடியும் குறைவுதான். ஆனால் தங்கையிடம் "தின்னு" என்று தயங்காமல் சொன்னேன்.

அந்த ஒரு சொல்லுக்கு எங்களுக்கு ஆன செலவு, ஒரு நாள் டீசலும் நாலு மீனும்.