தீயில் போட்ட மீன்

நம்புகிறவன் நம்பட்டும், நம்பாதவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும். இது கட்டிவிட்ட கதையல்ல. பட்டப்பகலில், வடதுருவத்தை ஒட்டிய கிரேட் பேர் ஏரியின் கிழக்குக் கரையில், எனக்கு நடந்தது. ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை. மணி நிமிடம்கூட மறக்கவில்லை.

திங்கட்கிழமை என் அண்ணன் இசிடோர் தனியாகப் படகெடுத்துப் போனான். நாங்கள் இருவரும் அந்த மீன்பிடி விடுதியில் வழிகாட்டிகள். பெரிய ட்ரவுட் மீன் கிடக்கும் புது இடம் தேடிப் போனவன் திரும்பவில்லை. அந்தக் காற்றில் எவனாவது தனியாகப் போவானா? அண்ணன் மேல்கூட எனக்குக் கோபம்தான். மறுநாள் கிழக்குப் பாறைகளுக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்து கிடந்தது. உள்ளே அவனுடைய ஒரு பூட்ஸ் சிக்கியிருந்தது. இரண்டு நாள் தேடினார்கள். போலீஸ் விமானம்கூட வந்து சுற்றியது. வியாழக்கிழமை புது விருந்தினர்கள் வந்து இறங்கினார்கள். முதலாளி கார்ல் உடனே எல்லாப் படகுகளையும் திரும்ப அழைத்துவிட்டான்.

"ஐஸ் தண்ணிப்பா இது. அரை மணி நேரம் தாங்குவானா ஒருத்தன்? போனவன் போயிட்டான். வந்தவங்களுக்குப் படகு வேணும்ல?" என்றான். அவன் கழுத்தை நெரித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் கூட வேலை செய்யும் கிளெமென்ட் தயங்கித் தயங்கி வந்தான். அண்ணன் பசியோடு அலைவார், தீயில் ஏதாவது போடு என்றான். எங்கள் ஜனங்களில் இறந்தவர்களுக்குத் தீயில்தான் சாப்பாடு போடுவோம். போட்டுவிட்டால் ஆள் செத்துவிட்டான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். கிளெமென்ட் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன்.

"உயிரோட இருக்கறவனுக்கு எவன்டா தீயில போடுவான்?"

என்னிடம் சொந்தப் படகு கிடையாது. ஊரிலிருந்து தேடக் கிளம்பிய எங்கள் ஆட்கள் வழியில் காற்றில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்குள் போய் அண்ணனைத் தேட ஒரே வழி, ஒரு விருந்தினரை ஏற்றிக்கொள்வதுதான். வெள்ளிக்கிழமை காலை பல்லைக் கடித்துக்கொண்டு பிரென்னர் என்ற வக்கீலை ஏற்றினேன். நேரே கிழக்குப் பாறைகளுக்கு விட்டேன்.

அவருக்கு நாற்பது பவுண்டு எடைக்கு மேல் ஒரு ட்ரவுட் வேண்டும். தின்பதற்கு இல்லை. மடியில் கிடத்திப் படமெடுத்துவிட்டுத் திரும்ப ஏரியில் விடுவதற்கு. அவர் தூண்டிலைப் பார்த்தார், நான் கரையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

11.50க்கு மாட்டியது. முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர இருபது நிமிடம் ஆனது. நாற்பத்து மூன்று பவுண்டு. என் வயது இருக்கும் அந்த மீனுக்கு. இந்த மனுஷன் என்னடாவென்றால் ஐந்து படம், ஆறு படம் என்று அதைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். கையிலிருந்து பிடுங்கினேன். வாலைப் பிடித்துத் தண்ணீரில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை குனிந்திருந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு இருமல். வறட்டு இருமல். இரண்டு முறை.

இசிடோர் அப்படித்தான் இருமுவான்.

திரும்பினேன். பிரென்னர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இருமினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மணி 12.14.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சின்ன ட்ரவுட்டை வைத்திருந்தோம். கரையேறித் தீ மூட்டினேன். 1.05க்கு எண்ணெய் காய்ந்ததும் மீனைப் போட்டேன். தட்டுகளை எடுத்து வைத்தேன்.

"ஏம்ப்பா, ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு தட்டு?" என்றார் பிரென்னர்.

பார்த்தேன். மூன்று இருந்தன. நான்தான் வைத்திருக்க வேண்டும்... வைத்த ஞாபகமே இல்லை.

ஒன்றை எடுத்துச் சாமான் பெட்டிக்குள் போட்டேன். தீ, காற்று வீசும் பக்கத்தை எதிர்த்துச் சாய்ந்து எரிந்தது.

1.25. பிரென்னர் பாறைப் பக்கம் போய்விட்டு வந்தார்.

"உங்காளு அங்க நிக்கறாரே. கூப்பிடலையா?"

"எந்த ஆளு?"

"மஞ்சள் மழைக்கோட்டு. ஒரு கால்ல பூட்ஸ் இல்ல. மீன் வெந்திருச்சான்னு கேட்டாரு."

இவருக்கு என் அண்ணனைத் தெரியாது. எவனும் சொல்லியிருக்கவும் மாட்டான்.

ஓடினேன்.

யாரும் இல்லை.

பாறை மேல் ஈரம். ஒரு பூட்ஸ் தடம்... ஒரு வெறுங்கால் தடம்.

தடங்கள் தண்ணீரிலிருந்து வந்தன. தீ இருக்கும் திசையில் போயின.

தீக்குத் திரும்பினேன்.

இருமல்.

என் காதுக்குப் பக்கத்தில்.

சட்டியிலிருந்த பெரிய துண்டை அப்படியே அள்ளித் தீயில் போட்டேன்.

"சாப்பிட்டுட்டுப் போண்ணே... போயிடு."

சர்ரென்று எரிந்தது.

இருமல் நின்றது.

1.32.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இசிடோரை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் இல்லை. நாங்கள் தீ மூட்டிய இடத்துக்கு எதிரே, இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு சின்னத் தீவில். கால் உடைந்திருந்தது. காற்றுக்கு ஒதுங்கிப் பாறை இடுக்குக்குள் ஊர்ந்து போயிருக்கிறான். மூழ்கிச் சாகவில்லை, பசியும் குளிரும்தான் கொன்றிருக்கின்றன, அதுவும் ஐந்தாம் நாள் என்றார் டாக்டர். கார்ல் முகத்தில் காறித் துப்பினேன். வேலையை விட்டேன். இன்றும் அவன் பெயரைக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. இரண்டே நாளில் உயிரோடிருந்தவனைச் செத்தவனாக்கிய பாவி.

ஆனால் அண்ணன் கோட்டுப்பையில் ஒரு அட்டை இருந்தது. பிடித்த மீனின் எடையைக் குறித்துக்கொள்ள வழிகாட்டிகள் எல்லோரும் வைத்திருப்பது. அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தான்.

"செவ்வாய். விமானம் போச்சு. பாக்கல."

"வியாழன். படகுச் சத்தமே இல்ல."

"வெள்ளி 1.10. எதிர்க்கரையில புகை. மீன் பொரிக்கற வாசம். கத்திப் பாத்தேன்."

அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு குறிப்பு. எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

"1.32. வயிறு நிறைஞ்சிருச்சு. தம்பி போகச் சொல்றான். போறேன்."